கமலவேணி வாசலில் கட்டிய வேப்பிலை

நோயாளியைப் பார்க்க வருகிற ஆட்களைக் கண்டாலே கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு ஆரஞ்சுப் பழமும் மூக்கு நிறையச் சளியுமாக வந்து சேருவார்கள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்பார்கள். பார்த்துவிட்டுப் போகிற வழக்கமெல்லாம் கிடையாது. கட்டில் ஓரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கோப்பி வாங்கிக் குடித்து, தங்கள் வீட்டில் யார் யாருக்கு எப்படி எப்படி இருமல் என்று நோயாளியின் முகத்துக்கு நேராக இருமிக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். எல்லாம் அன்புதான், வேறென்ன! அந்த அன்பிலேயே அவள் புருஷன் தேவதாஸ் நான்கு முறை நிமோனியாவில் விழுந்து எழுந்திருந்தான்.

மலாக்காவில் காஜா பேராங் பகுதியில், செட்டிமார்கள் குடியிருக்கிற கம்போங் செட்டிக்குப் பின்பக்கத்துச் சந்தில், தகரக் கூரை போட்ட பலகை வீடு அவர்களுடையது. கமலவேணி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவின குடும்பத்துப் பெண். கல்யாணமாகி டவுனுக்கு வந்து தையல் பழகி, ஜன்னலோரம் மெஷினைப் போட்டுச் சட்டை, பாவாடை, பள்ளிக்கூட உடுப்பு என்று தைத்துக்கொண்டிருந்தாள். தேவதாஸ் ஒரு பலகை ஆலையில் கணக்கு எழுதுகிற கிராணி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தங்கமான மனுஷன்தான், ஆனால் யாரையும் 'வராதே' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. வீடு பற்றி எரிந்தாலும் வாசலில் நிற்கிறவனை 'வாங்க, உக்காருங்க' என்பான்.

காதில் சீழ், நெஞ்சில் சளி, வருஷத்தில் பாதி நாள் காய்ச்சல். சொந்தக்காரர்கள் செய்வினை என்றார்கள். ஒருத்தி, 'இவ வந்த ராசி' என்று கமலவேணியின் காதுபடவே சொன்னாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில்தான் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் அவன் ரத்தத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பிப் பார்த்தார். வந்த விடையை அவளுக்குப் புரியும்படி சொன்னவர், அங்கே ஊசி போட்டுக் கட்டுக் கட்டுகிற டிரஸ்ஸர் ஷரீஃபுதீன்.

"தங்கச்சி, கிருமிய எதுத்து அடிக்கிற சத்து ஒண்ணு எல்லார் ரத்தத்துலயும் இருக்கும். இவரு ரத்தத்துல அது இல்ல. அடுத்தவங்க ரத்தத்துலேருந்து அந்தச் சத்தைப் பிரிச்செடுத்து மாசா மாசம் ஊசி போடணும். போட்டா ஓரளவுக்குத் தாங்குவாரு."

"முழுசாக் குணமாகாதா பாய்?"

"ஆகாது. காவல் காக்கணும். இருமுற ஆளு, தும்முற ஆளு கிட்ட அண்டக் கூடாது."

அன்றிலிருந்து கமலவேணி காவல்காரி ஆனாள். சனங்களுக்கு அவள் ராங்கிக்காரி ஆனாள்.

ஐம்பத்தேழு மே மாதம். ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் என்று ஊரே கொடி தைக்கத் துணி கிழித்துக்கொண்டிருந்தது. ஹாங்காங்கில் கிளம்பிய புதுக் காய்ச்சல் கப்பலேறிச் சிங்கப்பூரில் இறங்கி, அங்கிருந்து மலாக்காவுக்கும் வந்து சேர்ந்தது. ஷரீஃபுதீன் சைக்கிளை வாசலுக்கு வெளியே நிறுத்தி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"சிங்கப்பூர்ல மருந்து பிரிக்கிற ஆளுங்களே படுத்துட்டாங்களாம். இந்த மாச ஊசி எப்ப வரும்னு தெரியல. வர்ற வரைக்கும் ஈ காக்கா உள்ள நுழையக் கூடாது. இவருக்கு இந்தக் காய்ச்சல் வந்தா, ஒங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி, பொழைக்க மாட்டாரு."

கமலவேணி ஒரு பொட்டு அழவில்லை. அழுதுகொண்டிருக்க நேரம் ஏது? தேவதாஸைக் கொண்டே அட்டையில் எழுத வைத்து வாசலில் மாட்டினாள்: 'நோயாளி இருக்கிறார். தயவுசெய்து உள்ளே வர வேண்டாம்.' மாட்டிய அரை மணி நேரத்தில் ஆறு பேர் உள்ளே வந்தார்கள். "ஐயோ, போர்டு பாத்தோம், யாருக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் கலியாணசுந்தரம் வந்தார். ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை வைத்திருந்த மனிதர். எது நடந்தாலும் அதற்கு ஒரு குழு அமைத்துத் தலைவராகிவிடுவார். இப்போது 'காய்ச்சல் ஆராய்ச்சி நிவாரணக் குழு'வின் தலைவர். நெஞ்சில் கையகலத்துக்குப் பட்டுத் துணியில் பூ. முதல் கூட்டத்தில் மழை அடித்ததென்று மண்டபத்தின் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, இருநூறு பேரை நெருக்கி உட்கார வைத்து, 'யாரும் ஒரே இடத்தில் கூடாதீர்கள்' என்று இரண்டு மணி நேரம் பேசினார். ஆராய்ச்சி என்றால் என்னவென்று நினைத்தீர்கள்? வீடு வீடாகப் போய், ஒரு நாளைக்கு எத்தனை தும்மல் என்று நோட்டில் குறித்துக்கொள்வது. தும்மலை ஒரு வீட்டில் குறித்துக்கொண்டு, அதை அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது.

"தேவதாஸ் தம்பிய நம்ம குழுவுக்குச் செயலாளராப் போட்டுட்டோம்மா. கையெழுத்து அழகு பாரு."

"அவருக்கு ரத்தத்துல குறை இருக்குங்கய்யா. யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க."

"அதுக்குத்தானம்மா குழுவே! இந்த மாதிரி பலவீனமான ஆளுங்களுக்கு ஆதரவு குடுக்கிறதுதான் நம்ம நோக்கம். நமக்குள்ள என்ன..." என்றவர், முகத்தைக்கூடத் திருப்பாமல் நச்சென்று தும்மினார்.

உள்ளேயிருந்து தேவதாஸின் குரல் வந்தது. "யாரு வேணி, தலைவரா? பாவம், வெயில்ல நிக்கிறாரே, உள்ள வரச் சொல்லு."

கமலவேணி கையிலிருந்த கத்தரிக்கோலோடு நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். கலியாணசுந்தரம் கத்தரிக்கோலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, நாளைக்குக் குழுவோட வர்றோம். போட்டோகிராபரையும் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்பேர்ப்பட்ட ஆதரவு!

மறுநாள் விடிந்ததும் கமலவேணி கோயில் பக்கத்து மரத்தில் வேப்பிலை ஒடித்து வந்தாள். வாசல் நிலையில் மூன்று கொத்து செருகினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அம்மை போட்ட வீட்டுக்குத்தான் இப்படிக் கட்டுவார்கள். ஆத்தா வந்து உட்கார்ந்திருக்கிற வீடு என்று அர்த்தம். அந்த வீட்டில் எந்தக் கொம்பனும் காலெடுத்து வைக்க மாட்டான்.

"தாயே, பொய்தான் சொல்றேன். கோவம் வந்தா என்னைக் கேளு. அவரை விட்டுடு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்கு ஏழு பட்டுப் பூக்களும் ஒரு போட்டோகிராபரும் வந்தார்கள். வேப்பிலையைப் பார்த்ததும் நடுத்தெருவிலேயே செருப்பைக் கழற்றினார்கள். கலியாணசுந்தரம் இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து போனார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கமலவேணிக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. டாக்டர் சொன்னார், டிரஸ்ஸர் சொன்னார், பெண்டாட்டிக்காரி தொண்டை கிழியச் சொன்னாள். ஒருத்தன் காதில் வாங்கவில்லை. மூன்று கொத்து இலை சொன்னதும் கேட்கிறார்கள். தூத்தேறி!

அதன் பிறகு ஒரு குஞ்சு வரவில்லை. இளநீரைக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே வைத்துவிட்டு ஓடினார்கள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வாசனை வந்தால் குட்டு உடைந்துவிடும் என்று அவள் தாளிப்பதையும் நிறுத்தினாள்.

"எத்தன நாளைக்கு வேணி இந்தத் தாளிக்காத பருப்பு?" என்றான் தேவதாஸ்.

"உசுரோட இருக்கப் போற நாளுக்கெல்லாம். பேசாமத் தின்னுங்க."

ஒன்றை மட்டும் அவள் மறந்து தொலைத்தாள். அது செட்டிமார்களின் முத்துமாரியம்மன் திருவிழா மாதம். பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்கிற அந்தச் செட்டிமார்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் அம்மனை. அந்தத் திருவிழாவை அவர்கள் டத்தோ சாச்சார் என்பார்கள், சாச்சார் என்றால் அம்மை. தேர் ஒருநாளும் இந்தச் சந்துக்குள் வந்ததில்லை. ஆனால் ஆத்தாவே வந்து உட்கார்ந்திருக்கிற வீடு பக்கத்தில் இருக்கும்போது, எட்டிப் பார்க்காமல் தேர் எப்படிப் போகும்? இந்த யோசனையைச் சொன்ன மகராசன் கலியாணசுந்தரத்தைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்!

திருவிழா அன்று சாயங்காலம் மேளச் சத்தம் நெருங்க நெருங்க, கமலவேணி மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். எட்டிப் பார்த்தால், சந்து முழுக்கத் தலை. இருமல், தும்மல், சாம்பிராணிப் புகை. யாரை விரட்ட வேப்பிலை கட்டினாளோ அத்தனை பேரையும் அந்த வேப்பிலையே மேளம் கொட்டி அழைத்து வந்துவிட்டது. தேர் வாசலில் நின்றது. கலியாணசுந்தரம் தீர்த்தச் செம்பும் திருநீற்றுத் தட்டுமாக முன்னால் வந்தார். மூக்கு சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"வேணி, ஆத்தா வாசலுக்கே வந்துட்டா!" என்று கைகூப்பிக்கொண்டு தேவதாஸ் அறையிலிருந்து கிளம்பினான். முன்னால் அவர், பின்னால் இவன், நடுவில் அவள். பத்தடி எடுத்து வைத்தால் இருவரும் முட்டிக்கொள்வார்கள்.

அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நிலையிலிருந்த ஒரு கொத்தை உருவிக்கொண்டு ஓங்கி ஒரு சத்தம் போட்டாள். மேளம் அப்படியே நின்றது.

"டேய்! என்னைக் கேக்காம என் வாசல்ல காலு வைக்கிறியா?"

தீர்த்தச் செம்பு கலியாணசுந்தரத்தின் கையிலிருந்து நழுவியது.

"நான் உள்ள குளுந்து போயி உக்காந்திருக்கேன். எம்புள்ள மேல ஒங்க மூச்சுக் காத்து படலாமா? பத்தடி தள்ளிப் போ! துண்டெடுத்து மூக்கக் கட்டு! மண்டபத்துல கூட்டம் போடுவியா? கதவச் சாத்திக் கூட்டம் போடுவியா?"

"இல்ல தாயே! இனிமே இல்ல தாயே!"

"முப்பது நாளைக்கு எவனும் எவன் வீட்டுப் படியும் ஏறக் கூடாது. இருமுறவன் வீட்டோட கெடக்கணும். துணிய வெந்நீர்ல போட்டு அவிக்கணும். மீறினா தெருவுக்குள்ள நானே நடந்து வருவேன்!"

செட்டிமார்கள் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆத்தா உடனே மலாயில் இறங்கினாள். "துத்துப் மூலுட்! பாலிக் ருமா!" வாயை மூடு, வீட்டுக்குத் திரும்பு. இப்போது எல்லாருக்கும் புரிந்தது. அதற்குள் தேவதாஸ் நிலைப்படிக்கே வந்துவிட்டான். கமலவேணி திரும்பி வேப்பிலையால் அவன் நெஞ்சில் ஓங்கி அடித்தாள். "நீ உள்ள போடா!"

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவனை அவள் 'டா' போட்டது அன்றைக்குத்தான்.

தேர் திரும்பிப் போயிற்று. அத்தனை பேரும் துண்டாலும் முந்தானையாலும் வாயை மூடிக்கொண்டு கலைந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தால், தேவதாஸ் மூலையில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, நான்தாங்க. சும்மா நடிச்சேன்" என்றாள்.

"அப்படிச் சொல்லாத தாயே" என்றான்.

அப்புறம்தான் அவள் அழுதாள்.

ஊசி மருந்து ஒன்பதாம் நாள் வந்தது. நடந்ததைக் கேட்டு ஷரீஃபுதீன் சிரித்த சிரிப்பில் புரையேறி, வெளியே போய் இருமிவிட்டு வந்தார். அந்தச் சந்து ஆத்தா சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது. முப்பது நாளும் யாரும் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. மற்ற தெருக்களில் வீட்டுக்கு மூன்று பேராகப் படுத்தார்கள். குழுவில் ஏழு பேரில் ஆறு பேர் விழுந்தார்கள். கலியாணசுந்தரம் பத்து நாள் கஞ்சி குடித்தார். ஆராய்ச்சி செய்யப் போனவர்களை ஆராய்ச்சி செய்யத்தான் அப்போது ஆள் தேவைப்பட்டது. தேவதாஸுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

மெர்டேக்காவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கோலாலம்பூரிலிருந்து நிஜமான ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார டாக்டர், கூட ஒரு எழுத்தர். வீடு வீடாகக் கணக்கெடுத்ததில் இந்தச் சந்தில் மட்டும் காய்ச்சல் ஏன் இத்தனை குறைச்சல் என்று அவர்களுக்குப் புரியவில்லை. வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளரும் யார்? பட்டுப் பூ சகிதம் கலியாணசுந்தரமேதான்.

கமலவேணி மெஷினை நிறுத்திவிட்டு நேராகவே சொன்னாள். "கூட்டம் போடல, வாயக் கட்டினாங்க, இருமினவங்க வீட்ல கெடந்தாங்க. அவ்வளவுதான்னு சொல்லுங்க. அம்மையும் வரல, ஆத்தாளும் வரல."

கலியாணசுந்தரம் டாக்டரிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். இடையிடையே கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பக்தியோடு பிரித்தார். அன்றைக்கு ஆத்தா கையிலிருந்து உதிர்ந்த வேப்பிலையைக் கடையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் காப்பாற்றியிருந்தாராம். வெள்ளைக்காரர் அதில் பாதியை வாங்கிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூடி, மேலே சீட்டு ஒட்டினார். சோதனைக்காம். படித்தவனும் இவ்வளவுதானா என்று கமலவேணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"சார், நான் சொல்றேன்" என்று தேவதாஸ் முன்னால் வந்தான். ஆத்தா எப்படி வந்தாள், என்ன சொன்னாள், தன் நெஞ்சில் எப்படி அடித்தாள், அந்த அடியோடு நோய் எப்படி ஓடிப்போனது என்று கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தான். ஒன்பது வருஷமாக வெந்நீர் வைத்தவள், துணி அவித்தவள், கதவைக் காத்தவள் பேர் அதில் ஒரு இடத்திலும் வரவில்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அப்போதுதான் கவனித்தாள். கால் மணி நேரமாக விடாமல் பேசுகிறான், நடுவில் ஒரு இருமல் இல்லை, இழுப்பு இல்லை. அந்த நெஞ்சின் சத்தம் அவளுக்குத் தெரியாதா என்ன? இவ்வளவு சுத்தமாக அது மூச்சு விட்டு அவள் கேட்டதே இல்லை.

'சொல்லட்டும், சொல்றதுக்கு மூச்சு இருக்கே' என்று நினைத்துக்கொண்டு, கொடித் துணியை மெஷினில் வைத்து மிதிக்க ஆரம்பித்தாள்.