தராசு அத்தானும் காப்பி மெஷினும்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே "தராசு சார்", முதுகுக்குப் பின்னால் வெறும் தராசு. எனக்கு அத்தான். கடைத் தராசு, மருத்துவமனையில் குழந்தைகளை நிறுக்கிற தராசு, கிடங்கில் மூட்டை ஏற்றுகிற மேடைத் தராசு என்று எதையும் பிரித்துப் போட்டு, சரிசெய்து, ஒழுங்காக நிறுக்கிறது என்று சீட்டு ஒட்டிக் கொடுப்பது அவர் தொழில். முப்பத்தைந்து வருடமாக அதிலேயே ஊறிப்போனவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். மனிதர் தங்கம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவரோடு ஒரு கடைக்குப் போய்வா என்றால், அதற்கு நான் என் பஸ்ஸைப் பின்பக்கமாகவே பத்து கிலோமீட்டர் ஓட்டிவிடுவேன்.

நான் பஸ் ஓட்டுகிறவள். முதல் வண்டி என்னுடையது. அக்கா வீடு இரண்டாம் மாடி, என் வீடு அதற்கு மேலே மூன்றாம் மாடி.

அக்கா ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். அந்தக் கடைத் தராசு மக்கர் செய்தபோது அத்தான் வந்திருக்கிறார். பார்த்துவிட்டு, இது ஒவ்வொரு நிறுவையிலும் பன்னிரண்டு கிராம் கூட்டிக் காட்டுகிறது, வாங்குகிறவர்களுக்கு நஷ்டம் என்று கடை நிறைய ஆள் நிற்கும்போதே சத்தமாகச் சொல்லியிருக்கிறார். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. உன்னை யார் இதையெல்லாம் கேட்டது என்று அவர் எகிற, நீங்கள்தானே ஃபோன் பண்ணிக் கூப்பிட்டீர்கள் என்று இவர் அப்பாவியாகச் சொல்ல, கவுண்டருக்குப் பின்னால் அக்கா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருடம் ஆகிறது.

பேக்கரி விடிவதற்கு முன்பே திறந்துவிடும். அதனால் அக்காவுக்கு நாலரை மணிக்குக் கண் விழித்துப் பழக்கம். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எழுந்ததும் காப்பி. நாலே முக்காலுக்கு நான் இறங்கி வருவேன். எனக்கும் ஒரு கோப்பை இருக்கும். நின்றுகொண்டே குடிப்பேன். ஊர் வம்பு மொத்தமும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் பேசித் தீர்ப்போம். அத்தான் ஆறு மணிக்குத்தான் எழுவார். ஒரு நிமிடம் முன்னே கிடையாது, ஒரு நிமிடம் பின்னே கிடையாது.

அக்காவின் விரல்கள்தான் எல்லாவற்றையும் மாற்றின. மூட்டெல்லாம் வீங்கி, விரல் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மூட்டுவாதம் என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பேக்கரி வேலையை விட்டாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் கொதிக்கிற தண்ணீரோடு பாத்திரம் கைநழுவி விழுந்தது. இடது பாதம் முழுக்கக் கொப்புளம். சத்தம் கேட்டு நான் படியில் தடதடவென்று இறங்கி வந்தால், அத்தான் அவளைத் தூக்கிக் குழாயடியில் உட்காரவைத்துக் காலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.  

அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். இனிமேல் நீ அடுப்புப் பக்கம் போகக் கூடாது, காப்பி நான் போட்டுத் தருகிறேன் என்று. பாசத்தில் சொன்னதுதான். சொன்னபடி தினமும் ஆறு மணிக்கு எழுந்து போட்டும் கொடுத்தார்.

ஆனால் அக்கா நாலரைக்கே எழுந்துவிடுகிறாளே! நான் இறங்கி வரும்போது சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, காலிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, மேஜையருகே உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் விறுவிறுவென்று அடுப்பைப் பற்றவைத்து, நான் போட்டுத் தருகிறேன் என்றேன். அவ்வளவுதான், என் மேல் பாய்ந்துவிட்டாள்.

"உனக்குமா புரியல? எனக்கு ஒருத்தர் காப்பி போட்டுத் தரணும்னு இல்லடி. எழுந்ததும் நானே ஒரு வாய் போட்டுக் குடிக்கணும். அதுக்குக்கூட இன்னொருத்தர் எழுந்து வரணும்னா, நான் எதுக்கு எழுந்திருக்கறேன்?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு டிப்போவுக்குப் போய்விட்டேன். அன்று, முதல் நிறுத்தம் வரை கண் கலங்கிக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன். எதற்கு மறைக்க வேண்டும்?

வெளியூரில் இருக்கும் அக்கா மகளிடம் சொன்னேன். அவள்தான் அந்தக் காப்பி மெஷினைப் பற்றிச் சொன்னாள். கட்டைவிரல் அளவுக்கு ஒரு டப்பி, அதற்குள் காப்பித்தூளை அடைத்து மூடியிருப்பார்கள். டப்பியை மெஷினில் போட்டுக் கைப்பிடியை அழுத்தி மூடி, ஒரு பொத்தானைத் தட்டினால் சூடாகக் கோப்பையில் இறங்கும். அடுப்பு வேண்டாம், கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்க வேண்டாம். நல்ல யோசனைதான். அத்தானிடம் சொன்னதுதான் நாங்கள் செய்த தப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

ஒரு மாதம்! அந்த ஒரு மாதத்தில் ஒரு வீடே வாங்கிக் குடி போயிருக்கலாம். கடை கடையாக ஏறி இறங்கினார். பையில் ஸ்பிரிங் தராசு. மீன்கடைக்காரர்கள் கையில் தொங்கவிட்டு நிறுப்பார்களே, அது. மெஷினின் கைப்பிடியில் அதன் கொக்கியை மாட்டி இழுத்து, மூடுவதற்கு எத்தனை கிலோ விசை வேண்டியிருக்கிறது என்று பார்ப்பாராம். ஒன்று ஒன்பது கிலோ காட்டியது, ஒன்று ஆறரை, ஒன்று நாலு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். கடைசியாகப் போன கடையில் விற்பனைப் பெண் முதலில் வாட்ச்மேனைக் கூப்பிடப் பார்த்தாள். நாலாவது தடவை போனபோது அவளே மெஷின் நகராமல் பிடித்துக்கொண்டாளாம். கேட்கவே மானம் போயிற்று எனக்கு.

வீட்டில் இன்னொரு கூத்து. ஒரு சாயங்காலம் சமையலறைத் தராசை மேஜையில் வைத்து, அக்காவை உள்ளங்கையால் அழுத்தச் சொன்னார். மூன்று தடவை. சராசரி ஐந்தேகால் கிலோ. மனிதருக்கு முகமெல்லாம் பல். நாலு கிலோ மெஷினை வாங்கினால் ஒன்றேகால் கிலோ கையில் மிச்சம் என்று என்னிடம் கணக்குச் சொன்னார்.

கடையில் இன்னொரு மெஷினும் இருந்ததாம். மூடியை லேசாகத் தொட்டால் போதும், உள்ளே மோட்டார் இருக்கிறது, தானே மூடிக்கொள்ளும். அதை வாங்க வேண்டியதுதானே என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். தானாக மூடுவதில் கொக்கி மாட்ட இடம் இல்லையாம். அளக்க முடியாததை எப்படி நம்பி வாங்குவது என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். 

நாலு கிலோ மெஷின் வந்து இறங்கியது. அன்று சாயங்காலமே அக்கா டப்பியைப் போட்டாள், கைப்பிடியை அழுத்தினாள், டக்கென்று மூடிக்கொண்டது. மூன்று பேருக்கும் அவளே காப்பி போட்டாள். எட்டு மாதம் கழித்து அவள் கையால் குடித்தேன். அத்தான் குடிக்காமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி படுக்கப்போகும் முன் தண்ணீர்த் தொட்டியை நான் நிரப்பி வைத்துவிடுவேன், டப்பிகளைப் பிரித்துக் கிண்ணத்தில் போட்டு வைத்துவிடுவேன், மற்றதெல்லாம் உன் பாடு என்றார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் எனக்கு விடுப்பு. நாலாம் நாள் காலையில் ஆசையாக இறங்கிப் போனேன். அக்கா இரண்டு முழங்கையையும் கைப்பிடி மேல் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் அதன் மேல் சாய்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். மெஷின் வழுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் போயிற்று. கைப்பிடி பாதியிலேயே நின்றது. என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

முதல் நாளிலிருந்தே இப்படித்தானாம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கவே மடங்காது, எட்டு ஒன்பது மணிக்கு மேல்தான் மெல்ல வழிக்கு வரும். ஆறு மணிக்கு அவர் எழுந்து வந்து, குடித்தாயா என்று கேட்கும்போது குடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதே. ஒரு மாசம் அலைஞ்சு வாங்கியிருக்கார். மனசு உடைஞ்சு போயிடும்."

சரி என்று தலையாட்டினேன். என் வயிற்றில் எதுவும் தங்காது என்பது அவளுக்கும் தெரியும். மத்தியானம் வண்டியை விட்டதும் நேரே அத்தானின் பட்டறைக்குப் போய்விட்டேன். ஒரு தராசைக் குடைந்துகொண்டிருந்தார். அக்காவால் கைப்பிடியை மூட முடியவில்லை என்றேன். இருக்கவே இருக்காது என்றார். ஐந்தேகால் கிலோ, மூன்று தடவை அளந்தேன், நோட்டில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டவே போனார்.

"எத்தனை மணிக்கு அளந்தீங்க?"

"சாயங்காலம் ஆறு, ஆறரை..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். கையில் இருந்த எடைக்கல்லை மெதுவாகக் கீழே வைத்தார்.

"குளிர்கிடங்குத் தராசை வெயில்ல வச்சுச் சோதிச்சுட்டேனே," என்றார். 

மறுநாள் காலை நான் இறங்கிப் போனபோது, அத்தான் எழுந்து உட்கார்ந்திருந்தார். அக்கா கால் வெந்த அந்த ஒரு நாளைத் தவிர, முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக நாலே முக்காலுக்கு! மேஜையில் மறுபடியும் சமையலறைத் தராசு. அக்கா அழுத்தி முடித்திருந்தாள். ஒரு கிலோ எண்ணூறு கிராம். நோட்டில் அதை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். கோள்மூட்டி என்று வாய்விட்டுச் சொல்லாத குறை. அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"ஊர்ல இருக்கிற எடைக்கல்லையெல்லாம் நிறுத்துப் பாத்தீங்க. என் கையையும் நிறுத்துப் பாத்தீங்க. சாயங்காலம் ஒரு தடவை, இப்ப ஒரு தடவை. எந்த மெஷின் வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அத்தான் நோட்டை மூடினார். எனக்கே பாவமாக இருந்தது.  தராசை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

"கேக்கல. பத்து மணிக்குக் கடை திறக்கும். நீ வந்து பாரு," என்றார்.

நான் டிப்போவுக்கு ஃபோன் செய்து அன்றைய வண்டியை இன்னொருவர் தலையில் கட்டினேன். இதைப் பார்க்காமல் எப்படி விடுவது? நாலு கிலோ மெஷினைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் போனோம். விற்பனைப் பெண் பெட்டியைப் பார்த்ததும், மாற்றிக்கொள்ளலாம் சார், இன்னும் ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது என்று தானே சொன்னாள். நல்ல பெண்.

பத்து மணிக்கு அக்காவின் விரல்கள் ஓரளவு மடங்கின. ஆனாலும் அவள் விரலைப் பயன்படுத்தவே இல்லை. இரண்டு கையையும் முஷ்டி மாதிரி சுருட்டிக்கொண்டு, மணிக்கட்டின் பின்பக்கத்தால் மட்டும் ஒவ்வொரு மெஷினையும் தள்ளிப் பார்த்தாள். காலையில் என் கை இவ்வளவுதான் என்று அந்தப் பெண்ணிடம் விளக்கம் சொன்னாள். முதல் மெஷின் அசையவில்லை. இரண்டாவது மூடிக்கொண்டது, திரும்பத் திறக்க வரவில்லை. மோட்டார் மெஷினிடம் வந்தாள். மணிக்கட்டால் மூடியை ஒரு இடி இடித்தாள். உர்ரென்று தானே மூடிக்கொண்டது. பொத்தான் அகலமாக இருந்தது. அதையும் மணிக்கட்டாலேயே தட்டினாள். அத்தானின் கை பைக்குள் போனதை நான் பார்த்தேன். ஸ்பிரிங் தராசைத் தொட்டுவிட்டு, எடுக்காமல் வெளியே வந்தது.

"இது," என்றாள் அக்கா. மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் நான் இறங்கி வரும்போதே படியில் காப்பி மணம். அக்கா கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தாள். எனக்கு ஒன்று போட்டுத் தந்தாள். கடையில் கிடைக்கிற காப்பியை விடக் கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது. சொல்லவில்லை. அவளும் பழையபடி எதிர்வீட்டு வம்பை ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது.

மீதியைச் சாயங்காலம் அத்தான்தான் சொன்னார். நாலரைக்கு அக்கா எழுந்தபோதே அவருக்கும் விழிப்பு வந்துவிட்டதாம். மூடி உர்ரென்று மூடுகிற சத்தம் கேட்டிருக்கிறது, காப்பி இறங்குகிற சத்தம் கேட்டிருக்கிறது. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பு துடித்திருக்கிறது. போகவில்லை. ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருந்திருக்கிறார். நான் எழுந்து போய் நின்றால் அது அவள் போட்ட காப்பியாக இருக்காதே என்றார். இந்த மனிதரையா நான் இத்தனை வருடம் கரித்துக் கொட்டினேன் என்று தோன்றியது.

ஆறு மணிக்கு எழுந்து சமையலறை வாசலில் நின்று, எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்டாராம், எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று. அக்கா அப்போது இன்னொரு டப்பியை உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொறுங்க. இது எனக்கு. அடுத்தது உங்களுக்கு."

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தார்.