சாயம் பிடிக்காத பனியன்

ஊறவைத்த புது பனியன் சாயம் விட்டு வாளித் தண்ணீர் சிவந்துபோனது. அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அறுபதுகளில் ஒரு வருஷம் என் அண்ணன் கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடினான். அப்பா வேலை பார்த்த கம்பெனியின் முதலாளிதான் அணிக்குப் பனியன் கொடுத்தார். வெள்ளையாக வந்ததை அண்ணனே சாயப்பட்டறையில் நின்று சிவப்பாக்கினான். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் வியர்வையில் கரைந்து அவன் நெஞ்செல்லாம் சிவந்திருக்கும். அந்த வருஷம் ஒரு ஆட்டத்தில்கூட அவர்கள் தோற்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று அப்பா மைதானத்துக்கு வந்தார்.

"பனியனக் கழட்டிக் குடு கண்ணு. மொதலாளி பையன் ஆடோணுமாம்."

"அவன் பிராக்டீசுக்கே வந்ததில்லீங்களேப்பா."

"அவிய போடற சோத்தத் தின்னுட்டு எதுத்துப் பேசறதா?"

அண்ணன் கழற்றிக் கொடுத்துவிட்டு, சிவந்த நெஞ்சோடு கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

அவிய போடற சோறாம்! நாளெல்லாம் மெஷினோடு நின்று கால் வீங்க அப்பா சம்பாதித்த சோறு அது.

வாளியை உதைத்துக் கவிழ்த்தேன். அன்றைக்கு முதலாளி மகன் காலில் தற்செயலாகப் பட்டுப் பந்து கோலுக்குள் போனபோது, முதல் ஆளாக எழுந்து கைதட்டியது என் அப்பா.