எந்தக் கையில் பொல்லு?

பண்டத்தரிப்பில் கேதீஸ்வரியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. மிளகாய்க் கன்று நடுவதிலிருந்து மூத்தவளின் கலியாணம் வரை அவள் சொன்னால் சொன்னதுதான். மனுஷி கெட்டவள் இல்லை. தானும் பிழை விடலாம் என்ற நினைப்புத்தான் ஒருநாளும் வந்ததில்லை.

புருஷன் முத்துக்குமாருவுக்கு இடது இடுப்பு மூட்டுத் தேய்ந்து, ஆஸ்பத்திரியில் ஊன்றி நடக்க ஒரு பொல்லு கொடுத்தார்கள். அதை வலது கையில் ஊன்றிக்கொண்டு வந்து இறங்கியவரைக் கண்டதும் அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது.

"நோவு இடப்பக்கம், பொல்லு வலப்பக்கமோ? திருநீறு வாங்கிற கையப்பா அது. மாத்திப் பிடியுங்கோ!"

"இல்லையப்பா, ஆஸ்பத்திரியிலை நடை பழக்கிற பிள்ளை சொன்னது..."

"அதுக்கென்ன தெரியும்?"

மாற்றிப் பிடித்தார். ஆறு மாதமாய், விடிந்ததும் அவருடைய இடது கையில் பொல்லைத் திணித்தவள் அவளேதான். நொண்டல் கூடக் கூட, "பஞ்சிப்பட்டுச் சோம்பி இருந்தா கால் நேராகுமோ?" என்று ஏச்சு வேறு. மனிதர் கடைசியில் கோயிலுக்குப் போவதையும் தோட்டத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

நேற்றுக் கிளினிக்கில், நடை பழக்குகிற தயாளினி அவர் நடையைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஐயா, இடது காலிலை நிக்கேக்கை உடம்பு வலப்பக்கம் சரியப் பாக்கும். இடது இடுப்பின்ரை வெளிப்பக்கத் தசைதான் சரிய விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அது மூட்டுக்குக் கிட்ட இருக்கு. அதாலை உங்கடை பாரத்தைவிடக் கூட இழுக்கவேணும். அந்த இழுவையும் பாரமும் சேந்து மூட்டை அமத்தும். வலது கையிலை பொல்லு இருந்தா, அது தள்ளி நிண்டு தாங்கும், தசைக்கு வேலை குறையும். இடது கையிலை பிடிச்சுப் பெரிய பிரயோசனமில்லை. இனியும் தேஞ்சா ஒப்பரேசன்தான். ஆர் மாத்தினது?"

கூடப் போயிருந்த கேதீஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயோ, ஆறு மாதமும் அந்த மனிதர் வைத்த ஒவ்வொரு அடியிலும் மூட்டை நசுக்கியது தானல்லவா! ஊரையே அடக்குகிற வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"நான்தான் மறந்துபோனன், பிள்ளை," என்றார் முத்துக்குமாரு.

தயாளினி அவரை நன்றாகக் கடிந்துகொண்டாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே ஓட்டோவரைக்கும் வலது கையில் ஊன்றி நடந்தார்.

"நோகுதோ?" என்று கேட்டாள்.

"குறைவு."

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "ஏனப்பா இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை?"

"ரெண்டாம் நாளே நோகுதெண்டு சொன்னனான். பஞ்சியெண்டு பேசினனீ. பிறகு விட்டிட்டன்."

அவரை ஓட்டோவில் இருத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி உள்ளே போனாள். தயாளினி அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, அந்தாள் வாங்கின பேச்சு என்ரை," என்றாள் கேதீஸ்வரி. "பொல்லை மாத்தினது நான்."