ஜெசீமா மதினி பூட்டிய டிராக்

சொறிக்கல்முனை வயலொன்றில் நெல் வெட்டும் மெசினை ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தத்தில் போன் கேட்கவில்லை. வரம்போரம் நிறுத்திப் பார்த்தபோது என் அண்ணன், மூத்த காக்காவின் மகளிடமிருந்து ஐந்து அழைப்புகள். திருப்பி எடுத்தேன்.

"சாச்சா, உம்மா மௌத்தாகிட்டாங்க. சுபஹு தொழுதுபோட்டு நெஞ்சு நோகுதெண்டு படுத்தாங்க. எழும்பல்ல."

மெசினை வயலிலேயே விட்டுவிட்டுக் கல்முனைக்கு வந்தேன்.

என் மூத்த காக்காவின் மனைவி ஜெசீமா மதினி. நன்றாகத் தைப்பவர் என்று ஊர் அவர்களை அறியும். ஊர் அறியாத ஒன்றை எழுதவே உட்கார்ந்திருக்கிறேன். அது தெரியாமற் போனதற்குக் காரணம் நான்.

மதினி தன் தையல் மெசினைத் திருத்த யாரையும் கூப்பிட்டதில்லை. தானே கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றையும் துணியில் வைத்து, துடைத்துப் பூட்டிவிடுவார்கள். காக்கா பழைய அறுவடை மெசின் ஒன்றை வாங்கியபோது அதோடு வந்த புத்தகம் சீன மொழியில் இருந்தது. நாங்கள் அதை ஒதுக்கிப் போட்டோம். மதினி எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். காக்கா சிரித்ததற்கு, "எழுத்துத்தான் சீனம். படம் எல்லாருக்கும் ஒண்டுதானே" என்றார்கள்.

பிறகொரு பெரும்போகம். காக்கா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு இருந்தார். இறக்காமத்தில் பெரிய வயற்காரரான ஒரு போடியாரின் வயலைப் பாதி வெட்டியிருந்த நேரம், மெசினின் சில்லுகளைச் சுற்றி ஓடும் வலப்பக்க ரப்பர் டிராக் அறுந்தது. அதைத் தாங்கும் உருளைச் சட்டமும் வளைந்துவிட்டது. மெசினை லொறியில் ஏற்றி மதினியின் வீட்டு வளவுக்குக் கொண்டுவந்தேன். சட்டத்தை நிமிர்த்திப் புது டிராக்கும் வாங்கியாயிற்று. வெட்டுக் காலமென்பதால் மெக்கானிக் எவருக்கும் நேரமில்லை. போடியார் போனில், "தம்பி, யானை காட்டோரம் வந்து நிக்கிது. நீங்க வெட்டாட்டி அது வெட்டிரும்" என்றார்.

நானே இறங்கினேன். ஜாக்கில் மெசினைத் தூக்கி, கட்டை வைத்து, சட்டத்தைப் பூட்டி, டிராக்கை ஏற்றி இறுக்கினேன். வளவுக்குள் ஒரு திருப்பு திருப்பினேன். கழன்று விழுந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் விழுந்தது.

"டிராக் அளவு பிழை. திருப்பிக் குடுக்கணும்" என்றேன்.

குசினியிலிருந்து மதினி வந்தார்கள். நான் சாமான் பரப்பியிருந்த சாக்கில் கிடந்த இரண்டு இரும்பு வளையங்களைக் காட்டி, "ரெண்டு தடிச்ச வாசர் கிடக்கே, தம்பி?" என்றார்கள்.

"அது மிஞ்சினது மதினி. எந்த மெசினக் கழட்டினாலும் ரெண்டு மூண்டு மிஞ்சும்."

"கழட்டக்குள்ள மிச்சமா இரிக்கல்லையே."

மதினி குனிந்து மெசினுக்கு அடியில் பார்த்தார்கள்.

"அது இல்லாம சட்டம் உள்ளுக்குப் போய் இரிக்கி. மெசினில இரிக்கிற முன்சில்லு ஒரு கோட்டில, சட்டத்தில இரிக்கிற பின்சில்லு வேற கோட்டில. டிராக் கழலாம என்ன செய்யும்?"

எல்லாவற்றையும் மீண்டும் இறக்கினேன். சட்டத்துக்கும் மெசின் உடலுக்கும் இடையிலிருந்த சந்துக்குள் என் கை போகவில்லை. மதினி முக்காட்டை இறுக்கிச் சொருகிக்கொண்டு மணலில் மல்லாந்து படுத்து, வாசர்களை உள்ளே வைத்து விரலால் பிடித்துக்கொண்டார்கள். நான் நட்டை முறுக்கினேன். "பின்சில்ல நல்லா முன்னுக்குத் தள்ளிப்போட்டு டிராக்க ஏத்துங்க. மறுகா இறுக்கலாம்" என்றார்கள். அப்படியே செய்தேன். இடமும் வலமும் திருப்பிப் பார்த்தோம். டிராக் அசையவில்லை. மதினி கையைக் கழுவிவிட்டுச் சோறாக்கப் போனார்கள்.

மறுநாள் இறக்காமத்தில் போடியார் கேட்டார்: "ஆரு பூட்டின?"

"நான்தான்."

ஏன் அப்படிச் சொன்னேனென்று இன்றும் தெரியவில்லை. அந்த ஒரு சொல்லால் என் பெயர் பரவியது. ஆலையடிவேம்பிலிருந்துகூட டிராக் போடக் கூப்பிட்டார்கள். சிக்கல் வந்தால் ஒதுக்குப்புறமாகப் போய் மதினிக்குப் போன் எடுப்பேன். அவர்கள் சொன்னதைச் செய்து, வந்த பாராட்டை நானே வாங்கிக்கொள்வேன். ஒரு கலியாண வீட்டில் யாரோ அவர்களிடமே என்னைப் புகழ்ந்தார்கள். "ஓம், அவருக்கு நல்ல கை" என்றார்கள் மதினி. என் பக்கம் திரும்பவில்லை.

ஒரேயொரு தடவைதான் அவர்கள் என்னிடம் ஒன்று கேட்டார்கள். "தம்பி, அடுத்த முறை டிராக் பூட்டப் போகக்குள்ள காக்காவோட நானும் வரட்டா? வேற மெசினும் ஒருக்காப் பாக்கணும்."

"அங்க ஆம்பிளையள் நிப்பாங்க மதினி. சரிவராது."

"சரி தம்பி" என்றார்கள். பிறகு கேட்கவேயில்லை. ஆண்கள் நிற்பதல்ல எனக்குப் பிரச்சினை. யாருக்கு வேலை தெரியுமென்று அங்கிருப்பவர்கள் கண்டுவிடுவார்களே என்ற பயம்தான்.

ஜனாஸா வீட்டுக்குப் போடியாரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வளவிலதானே தம்பி அண்டைக்கு நீங்க டிராக் பூட்டின?" என்று கேட்டார்.

"நானில்ல. மதினிதான் பூட்டினாங்க. நான் ஒங்களுக்குப் பொய் செல்லிட்டன்."

போடியார் என் கையை விட்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த காக்கா தலையை நிமிர்த்தினார்.

"இத அவ இரிக்கக்குள்ள செல்லியிரிக்கலாமே, தம்பி."

அவர் குரலில் கோபமே இல்லை.

அஸர் தொழுகைக்குப் பின் மையவாடியில் அடக்கினோம். துஆ முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். கடற்காற்றில் புதுமண் பறந்துகொண்டிருந்தது. பள்ளிக் குழாயிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, கப்றின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தெளித்தேன்.

மதினி, உங்கள் கப்றை அல்லாஹ் விசாலமாக்கி வைப்பானாக. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாட்கள் இருந்தன. அத்தனை நாளும் நான் உங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனேன்.