மூன்றாவது ஆள்

ஈவ்லினுக்கு அந்த வேலை கிடைத்தபோது, தங்கச் சுரங்கம் மூடிப்போன கோரமண்டலில் யாருக்கும் அது என்ன வேலையென்று விளங்கவில்லை. சர்ச்சில் விசாரித்தவர்களிடம், "பாட்டு கேக்கிற வேலை" என்றாள். "அதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களா!" என்று சிரித்தார்கள்.

அவள் சொன்னது உண்மைதான். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி, தினமும் ரயிலில் போய்வர வேண்டும். கணினியில் அரை நிமிடத் துண்டுகளாகப் பாட்டு வந்துகொண்டே இருக்கும். கேட்டுவிட்டு அது எந்த வகை என்று குறிக்க வேண்டும்: நாட்டுப்புறம், கானா, ராக், ராப், ப்ளூஸ். ஒரே துண்டு மூன்று பேருக்குப் போகும். அதில் இரண்டு பேர் ஒத்துப்போனால் அதுவே முடிவு. அந்த முடிவுகளைப் பார்த்துத்தான் இயந்திரம் கற்றுக்கொள்கிறது. பிறகு எங்கோ யாருடைய போனிலோ, உங்களுக்கு இதுவும் பிடிக்கும் என்று ஒரு பாட்டை எடுத்து நீட்டுகிறது.

ஈவ்லினுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. சுரங்கம் மூடிச் சில வருடங்களில், அதில் வேலை பார்த்த அப்பா நெஞ்சுச் சளியோடு போய்ச் சேர்ந்தார். படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் அவளுடைய முப்பதுகள் ஓடிவிட்டன. அம்மாவும் போனபிறகு சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில் அவள் மட்டும். தம்பி எரிக் மஸ்கட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். "சாப்ட்டியாக்கா?" என்பான். பிள்ளைகள் கூப்பிட்டதும் போய்விடுவான்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு வகையும் எப்படிப் பிறந்தது என்று வகுப்பு எடுத்தார்கள். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். ஈவ்லின் வாய் பிளந்து கேட்டாள். ஸ்பீக்கர் கிழிந்துபோய்க் கரகரவென்று வந்த சத்தம் யாருக்கோ பிடித்துப்போக, அதுவே கிதாரின் உறுமலாகி ராக் இசைக்குள் வந்துவிட்டதாம். விலைபோகாமல் பழைய சாமான் கடைக்கு வந்த தாள இயந்திரங்களை மலிவாக வாங்கிப்போன கறுப்பின இளைஞர்கள், அவற்றை வைத்தே புதிதாக ஒரு நடன இசையை உண்டாக்கினார்களாம்.

அவளைப் பிடித்துக்கொண்டது ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்திக் காடுகளில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வேலைக்கு நடுவே கூவிய கூவலில் அதன் வேர் இருந்தது. அவர்கள் பாடிய சில சுரங்கள் பியானோவில் கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ விழும். அதை எட்டிப் பிடிக்க, உடைந்த பாட்டிலின் கழுத்தை கிதார் கம்பிமேல் வைத்து இழுத்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மா இருந்திருந்தால், "அப்பறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டிருப்பாள். ஈவ்லின் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

ஒருநாள் ஓர் ஒப்பாரி வந்தது. யாரோ ஒரு பெண், வயதான குரல். திரையில் சுருதி ஒரு கோடாக ஓடும். அந்தக் கோடு இரண்டு கட்டைகளுக்கு நடுவில் போய்த் தொங்கி, நடுங்கி, இறங்கியது. ஈவ்லின் திரும்பத் திரும்பக் கேட்டாள். ப்ளூஸ் என்று குறித்தாள்.

மறுநாள் டீம் லீடர் ஷோபா வந்து நின்றாள். "இன்னா ஈவ்லின், ஒப்பாரிக்குப் போயி ப்ளூஸ் போட்டிருக்கீங்க?"

"சுருதி அங்கதான் விழுது மேடம். ரெண்டு கட்டைக்கும் நடுவுல."

"இருக்கலாம். ஆனா அது எங்கியோ பொறந்தது, இது நம்மூர்ல பொறந்தது. வகைன்னா அதுவும்தானே?" ஷோபா சொன்னதிலும் நியாயம் இருந்தது. "நீங்க மட்டும் போட்டிருந்தா பரவால்ல. இன்னொருத்தரும் அதையே போட்டிருக்காங்க. முடிவே மாறிப்போச்சு."

இன்னொருத்தர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள் ஈவ்லின். யாரென்று திரையில் பெயர் வராது. மூன்றாவது ஆள் என்று மட்டும் இருக்கும். அன்றிலிருந்து தன் துண்டுகளின் முடிவுகளைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். பெரிய வெள்ளிக்கிழமைப் புலம்பல் ஒன்று; அதற்கும் மூன்றாவது ஆள் ப்ளூஸ். ஏற்றம் இறைக்கிற பாட்டு, அதற்கும். தான் கேட்பதை அப்படியே கேட்கிற ஒரு காது இந்தக் கட்டடத்தில் எங்கேயோ இருக்கிறது. காலையில் எழும்போதே அந்த நினைவு வந்தது. பெட்டியில் கிடந்த கம்மலை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒருவர், எப்போதும் கண்ணை மூடி மெல்லுகிறவர், அவராக இருக்குமோ என்று ஒருதரம் சிரித்தும் வைத்தாள். அவர் தனக்குப் பின்னால் யாரென்று திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் இன்ஜினியர் ஜோஸிடம் கேட்டுவிட்டாள். "அந்த மூணாவது ஆளு யாருப்பா? எந்த வரிசையில ஒக்கார்றாங்க?"

"அது ஆளில்ல மேடம். நம்ம மாடல், பாட்டு கத்துக்கிற அந்த மிஷின்தான். நாலஞ்சு மாசமா ஓட்டு போடுது. உங்க பழைய வேலைய வச்சுதான் அதப் பழக்கினோம். உங்களுதுதான் நெறைய இருந்துச்சு, சுத்தமாவும் இருந்துச்சு."

"அப்போ நான் எங்கூடவே ஒத்துப்போயிகினு இருந்தனா?"

ஜோஸ் சிரித்தான். அவள் தமாஷ் செய்கிறாள் என்று நினைத்தான்.

சாயங்கால ரயிலில் வழக்கம்போல ஹெட்ஃபோனை மாட்டினாள். பாட்டு எதுவும் போடுவதில்லை. வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கு நேர் எதிரான அலையை அதுவே உண்டாக்கி இரைச்சலை அமுக்கிவிடும், அதற்காகத்தான். அன்று சார்ஜ் இல்லை. பெட்டியின் இரைச்சலெல்லாம் திமுதிமுவென்று உள்ளே வந்தது. கழற்றி மடியில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

எதிர் சீட்டில் பார்வதம்மா. பூதிகோட்டைக்காரி. வைட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடுகளில் வேலை. இரண்டு வருடமாகப் பார்க்கிற முகம். ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இன்னாம்மா ஆச்சு? ஊட்ல யாருக்காவது முடியலியா?"

"ஊட்ல யாரும் இல்லீங்க."

பார்வதம்மா திடுக்கிட்டாள். "அய்யோ, பேசுவீங்களா நீங்க? காதுல அந்த மிஷினப் பாத்து, பாவம் காது கேக்காத பொண்ணுன்னு நெனச்சிகினு இருந்தோம்!"

ஈவ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, பருத்திக் காட்டையும் பாட்டில் கழுத்தையும் சொல்ல ஆரம்பித்தாள். பார்வதம்மா பாதி கேட்டாள். "பாவம், எங்க போனாலும் கூலிக்காரன் பொழப்பு அதான்" என்றாள். பிறகு தன் முட்டிவலியைச் சொன்னாள். பங்காருபேட்டை வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இப்போது ஈவ்லினுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். இயந்திரம் செய்த தவறுகளைத் திருத்த வேண்டும். ஒப்பாரிகளும் புலம்பல்களும் வரிசையாக வருகின்றன, ப்ளூஸ் என்ற குறியோடு. ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டுவிட்டு நாட்டுப்புறம் என்று மாற்றுகிறாள். அப்படிச் செய்யத்தான் ஷோபா சொல்லியிருக்கிறாள்.

பார்வதம்மாவுக்கு வேலை நேரம் அடிக்கடி மாறுகிறது. சாயங்காலம் பிளாட்பாரத்தில் ரயில் வந்து நின்றதும் ஈவ்லின் உடனே ஏறுவதில்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே பெண்கள் பெட்டியின் ஓரமாக நடக்கிறாள். பல நாள் அந்த முகம் தென்படுவதில்லை. ரயில் நகரப் பார்க்கும்போது, ஏதாவதொரு கதவில் ஏறிக்கொள்கிறாள்.