சாயத் தண்ணி

இன்று காலை குழாயில் தண்ணீர் வந்ததும் மருமகள் ஒரு டம்ளர் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். "இன்னா மாமா இது, ஒரே ப்ளீச்சிங் வாட அடிக்குது. இந்தத் தண்ணி நல்லதுதானே?" என்றாள். சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்கு என்னால் மட்டும் பதில் சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு மேலாக யாருக்கும் சொன்னதில்லை. காய்ச்சிக் குடிங்க என்பேன், கேன் வாங்கிக்குங்க என்பேன், இல்லாவிட்டால் நேற்று வைத்த குழம்பில் உப்பு கம்மி என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். நல்லது என்கிற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது.

ஆனால் அந்த வாடை எனக்குப் பிடிக்கும். நீங்கள் சிரிக்கலாம். ஊரே மூக்கைப் பொத்திக்கொள்கிற வாடைக்கு ஆசைப்படுகிற ஆள் ஆரணியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தண்ணீர் வருகிற நாளெல்லாம் குழாயடியில் குனிந்து முகர்ந்து பார்ப்பேன். வாடை இருந்தால் அன்றைக்கு நிம்மதியாகப் பல் துலக்குவேன். இல்லையென்றால் காரணமே இல்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். அப்பாவுக்கு சென்ட் பாட்டில் வேண்டாம், ஒரு கிலோ ப்ளீச்சிங் பவுடர் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று என் மகன் கிண்டல் செய்வான்.

இருபத்திரண்டு வயதில் என் கை முழுக்க அந்த வாடைதான். ஊர்க் குடிதண்ணீர் வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கோ நெசவில் கை ஓடவில்லை. ஒரு முழம் நெய்வதற்குள் ஒன்பது இழை அறுப்பேன். இவன் தறியில் உட்காராமல் இருப்பதே குடும்பத்துக்குச் செய்கிற உதவி என்று அப்பா வெளிப்படையாகவே சொல்லுவார். தண்ணீர் வேலைக்குப் போன பிறகு தறிப்பக்கமே விடமாட்டார். பவுடர் கை பட்டால் பட்டு வெளுத்துவிடும்.

வேலை பெரிய வித்தையில்லை. கமண்டல நாகநதியில் இருக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் எங்கள் பக்கத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். விடிந்ததும் நான் போய் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிகிறவரை காத்திருந்து, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுவேன். தண்ணீர் திறந்துவிட்ட பிறகு சைக்கிளில் கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்குப் போவேன். தொட்டியில் போட்ட மருந்து அதுவரை வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயும் சொட்டு மருந்து பாட்டிலும். தண்ணீரைப் பிடித்து நாலைந்து சொட்டு விட்டால் இளமஞ்சளாக மாறும். மாறினால் தண்ணீரில் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். நோட்டில் 'இளமஞ்சள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்துப் போடுகிற வேலை என்பதில் எனக்கு இருந்த மிதப்பைச் சொன்னால் வெட்கம்.

அந்தக் கடைசிக் குழாய் பிலோமினா டீச்சர் வீட்டு வாசலில் இருந்தது. டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும், தனி ஆள். காலையில் பஸ் பிடித்து தேவிகாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவார். கிளம்புகிற அவசரத்திலும் எனக்கு ஒரு டம்ளர் டீ உண்டு. கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற மாதிரி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "இன்னா கலர் வந்துதுப்பா?" என்பார். கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவேன். மஞ்சள் தெரிந்தால், "பாஸ்" என்பார். அந்த வேலையில் என்னைக் கேள்வி கேட்ட ஒரே மனுஷி அவர்தான். மேலதிகாரிகள் நோட்டைத்தான் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்க்கவில்லை.

சாயப்பட்டறை ஏழுமலை அண்ணன் ஒருநாள் தொட்டியடிக்கு வந்தார். எங்கள் வீட்டுப் பட்டுக்கும் அவர்தான் சாயம் வைப்பார். அவர் வீட்டுக் கிணறு உப்பு, பட்டுக்கு ஆகாது, அதனால் குழாய்த் தண்ணீர்தான். "உன் மருந்து தண்ணியில ரோஸ் ஏறவே மாட்டேங்குதுப்பா. திட்டுத் திட்டா நிக்குது. கல்யாணப் பொடவைங்க, பேஜாரா பூடும். வியாழக்கிழம ஒரு நாளு மட்டும் கம்மி பண்ணிக்கோயேன்" என்றார். சின்ன வயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை, சைக்கிள் பம்ப்பு கேட்கிற மாதிரி கேட்டார். முதல் வாரம் பாதி பவுடர் போட்டேன். அடுத்த வாரம் கால். அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் வாளியைத் தொடவே இல்லை. கடைசிக் குழாய்க்கும் போகவில்லை. தொட்டியடியில் உட்கார்ந்தபடியே 'இளமஞ்சள்' என்று எழுதினேன்.

வேடிக்கையைக் கேளுங்கள். வியாழக்கிழமைத் தண்ணீரைத் தெருவே கொண்டாடியது. வாடையில்லை, காபி நன்றாக இருக்கிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. ஏழுமலை அண்ணன் சாயம் வைக்கிற நாள் என்பதால் அதற்கு 'சாயத் தண்ணி' என்று பேரும் வைத்துவிட்டார்கள். சாயம் கலந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்கோ அது ஊரிலேயே ருசியான தண்ணீர். மற்ற நாள் தண்ணீர் குளிக்க, துவைக்க. சாயத் தண்ணியைத்தான் குடிக்கவென்று குடம் குடமாகப் பிடித்து மூடி வைத்தார்கள். டீச்சரும் ஒரு செப்புக்குடம் அதற்கென்றே வைத்திருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். ஊருக்கே நல்லது செய்துவிட்ட மாதிரி மனசுக்குள் ஒரு பூரிப்பு வேறு.

அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் இரண்டு நாள் விடாமல் மழை. டீச்சர் தெருவில் சாக்கடைக்குப் பக்கத்திலேயே குடிதண்ணீர்க் குழாய் போகிறது, அதில் எங்கோ விரிசல் விட்டிருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது. வேறு வேலையாக அந்தப் பக்கம் சைக்கிளில் போனவனை டீச்சர் வாசலில் நின்று நிறுத்தினார். "இன்னாப்பா, வியாழக்கிழம ஆனா நம்ம கொழாயக் கண்டுக்கவே மாட்டேங்குற?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மாட்டிக்கொண்டேன். பெட்டியைத் திறந்து தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டேன். நிறம் மாறவில்லை. இன்னும் நாலு சொட்டு விட்டேன். வெறும் தண்ணீராகவே நின்றது. மாறாது என்று எனக்குத் தெரியாதா?

"கலரே வரலியேப்பா" என்றார் டீச்சர்.

"சொட்டு மருந்து பழசாயிடுச்சு டீச்சர். புதுசு கேட்டிருக்கேன்."

"அப்போ தண்ணி நல்லதுதானே?"

"நல்லது டீச்சர்."

டீச்சர் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன். டீச்சர் செப்புக்குடத்தை எடுத்துவந்து குழாயடியில் வைத்தார். அது நிரம்புகிற சத்தம் கேட்கும்போதே சைக்கிளை மிதித்து வந்துவிட்டேன். இருங்க டீச்சர், இன்று மருந்து போடவில்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், ஏழுமலை அண்ணன் பேரும் கெட்டிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும்.

சனிக்கிழமை அந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டில் வாந்தி பேதி. ஒவ்வொருவராகத் தேறினார்கள். டீச்சரை வேலூருக்குக் கொண்டுபோனார்கள், திங்கட்கிழமை சவப்பெட்டியில் வந்தார். சர்க்கரை வியாதி இருந்ததால்தான் தாங்கவில்லை என்று சொன்னார்கள். நானும் பல வருடம் பழியைச் சர்க்கரை மேலேயே போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை.

விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். குழாயில் விரிசலைக் கண்டுபிடித்து மழையைக் காரணமாக எழுதினார்கள். என் நோட்டைப் புரட்டினார்கள், வியாழக்கிழமை உட்பட எல்லா நாளும் இளமஞ்சள். அவர்கள் வந்த அன்று காலை நான் இரண்டு மடங்கு பவுடர் போட்டிருந்தேன். ஒருவர் என் பெட்டியை வாங்கி அதே சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார். பளிச்சென்று மஞ்சள். "மருந்து ஃபிரெஷ்ஷா இருக்குதேப்பா, நல்லா வெச்சிருக்கே" என்று முதுகில் தட்டினார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. வெளியே போய் வாந்தியெடுத்தேன். இவனுக்கும் பேதி வந்துவிட்டது என்று எல்லோரும் பதறினார்கள்.

டீச்சரை அடக்கம் செய்த மறுநாள் ஏழுமலை அண்ணன் தொட்டியடிக்கு வந்தார். இனிமேல் ஆற்றிலிருந்து வண்டித் தண்ணீர் அடித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கல்யாணப் பந்திகளில் எத்தனையோ தடவை எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேரும் இலையைப் பார்த்தே சாப்பிடுவோம். போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். விஷயம் தெரிந்த இன்னொரு ஆளும் இப்போது இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அந்தத் தெருவில் இன்று சிமெண்ட் ரோடு, டீச்சர் வீட்டு வாசற்படியை விட உயரமாகப் போட்டிருக்கிறார்கள். கடைசிக் குழாய் அதற்கடியில் எங்கோ கிடக்கிறது. வீட்டுக்கு வீடு தனிக் குழாய் வந்துவிட்டது, குடிக்கக் கேன் வந்துவிட்டது. மருந்தை ஏதோ மிஷின் சொட்டுகிறதாம். சாயத் தண்ணி என்றால் என்னவென்று தெருவில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. பெட்டி மட்டும் என் பீரோவில் இருக்கிறது, பாட்டில் வறண்டு வருடங்களாகிவிட்டன.

மருமகள் டம்ளரோடு இன்னும் நின்றுகொண்டிருந்தாள். டம்ளரை வாங்கி, பழக்கதோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இன்னா கலர் வந்துது என்று கேட்க ஆளில்லை. இந்த வீட்டில் எந்தத் தண்ணீர் வந்தாலும் முதல் டம்ளர் எனக்குத்தான். குடித்துவிட்டு, நீ நாளைக்குக் குடிம்மா என்றேன்.