இடப்பக்க முன்சில்லின் காத்து

நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை. கார் இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் நிற்கிறது. வெள்ளைக் கார், முன் பம்பரில் ஒரு நெளிவு. அதில் ஏறிய சாமினியும் உயிரோடு இருக்கிறாள். அவள் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன், என் பங்குக்கு ஒன்றும் கூட்டவில்லை.

சாமினி வெள்ளவத்தைப் பிள்ளை. ரொஷானுக்கு இரண்டாம் தாரமாகக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவள். முதல் மனைவி றேணுகா முட்டு வருத்தக்காரி. இழுத்து இழுத்துத்தான் மூச்சு விடுவாளாம். ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள் என்று சாமினிக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் றேணுகாவின் சேலை இல்லை, படம் இல்லை. அவளுடைய பழைய கார் மட்டும் இருந்தது. "அதை மட்டும் விக்கச் சொல்லாதேயும்" என்று ரொஷான் கலியாணத்துக்கு முதலே கேட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அதைத் தடவித் தடவிக் கழுவுவதைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் வயிறு எரியாது? உயிரோடு இருப்பவள் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். செத்தவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? சாமினிக்குப் பொறாமை, அப்பட்டமான பொறாமை.

இதற்குள் கார் வேறு குலுக்கிக் கொன்றது. முன்சீட்டில் சாமினி இருந்தால் சின்னக் கல்லும் முதுகெலும்பில் வந்து இடிக்கும். கராஜில் சொக் மாற்றினார்கள், புஷ் மாற்றினார்கள். ஒன்றும் சரிவரவில்லை. ஒருநாள் ரொஷானின் அக்கா புளோறன்ஸ் முன்னால் ஏற, சாமினி பின்சீட்டில் இருந்தாள். கார் வழுக்கிக்கொண்டு போனது. வீட்டுக்கு வரும்போது சாமினி முன்னால் ஏறினாள். டங்... டங்... பழையபடி தொடங்கிவிட்டது.

"இது என்னை மட்டும் தெரிஞ்சு குலுக்குது" என்றாள் சாமினி, பகிடியாகத்தான்.

ரொஷான் சிரிக்கவில்லை.

சந்தியில் டயர் கடை வைத்திருக்கும் ஜவாத் நானாதான் விஷயத்தைப் பிடித்தார். இடப்பக்க முன்சில்லில், சரியாகச் சாமினியின் காலுக்கு நேரே, காத்து அளவுக்கு மேல் இருந்தது. டயர் கல்லு மாதிரி. அவர் காத்தை இறக்கி, புது வால்வ் போட்டு, மூடியை இறுக்கி அனுப்பினார். சில நாளில் வால்வ் மூடி கழன்று நிலத்தில் கிடந்தது. டயர் மறுபடியும் கல்லு.

"காத்து குறையிற டயர் எவ்வளவோ பார்த்தீக்கிறேன்" என்றார் ஜவாத். "தன்ட பாட்டுல காத்து கூடுற டயர இப்பதான் பாக்கிறேன். ஆராவது வீட்டுல அடிக்கிறாங்களா தங்கச்சி?"

வீட்டில் பம்ப்பே இல்லை. காத்து என்றால் நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, காத்துக்கறுப்பு. அதை ஜவாத் சொல்லவில்லை, சாமினியும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு பின்னேரம் வத்தளையில் புளோறன்ஸின் மகளுக்குப் பிறந்தநாள். ரொஷான் குளித்துக்கொண்டிருந்தான். சாமினி வெளிக்கிட்டு முற்றத்துக்கு வந்தாள். மூடி கழன்று கிடந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. சில்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். கொண்டை ஊசியை உருவி வால்வின் நடுவில் வைத்து அழுத்தினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

நின்றது. அவள் ஊசியை எடுக்கவில்லை, அழுத்தியபடியேதான் இருந்தாள்.

ஸ்ஸ்ஸ்... நின்றது. ஸ்ஸ்ஸ்... நின்றது.

இழுத்து இழுத்து வந்தது. டயரிலிருந்து வரும் காத்து குளிரும். இது விரலில் இளஞ்சூடாகப் பட்டது. நெஞ்சுக்குப் பூசும் தைலம் மணந்தது.

அப்போதே எழும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பொறாமை விடவில்லை.

"போடி" என்றாள் சாமினி. "இது என்ர இடம்."

சில்லு நிலத்தோடு படியும்வரை அழுத்தினாள். பிறகு ரொஷானிடம் பஞ்சர் போல என்று பொய் சொன்னாள். ஜவாத் வந்து அளவாகக் காத்து அடித்து, மூடியை இறுக்கிவிட்டுப் போனார்.

கார் தண்ணீரில் போவது போலப் போனது. ஒரு குலுக்கல் இல்லை. சாமினி முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். வென்றுவிட்டாள்.

களனிப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. வெயில் இன்னும் இறங்கவில்லை.

அவளுக்கு நெஞ்சு இறுகியது.

முட்டு வருத்தம் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் போகவில்லை.

மூச்சு எடுக்க ஏலாமல் இருக்கு என்று சொல்லத்தான் பார்த்தாள்.

வாய் வேறு சொன்னது.

"காத்து இல்லை..."

குரல் அவளுடையது இல்லை.

ரொஷான் பிரேக்கை மிதித்தான். கதவைத் திறந்து, சுற்றி ஓடி வந்து, அவளை வெளியே இழுத்து நெஞ்சோடு அணைத்தான்.

"றேணு! நான் வந்திட்டன், றேணு!"

றேணு...

அந்தப் பெயரைக் கேட்டதும் சாமினிக்கு மூச்சு வந்தது.

திரும்பிப் பார்த்தாள். இடப்பக்க முன்சில்லு தட்டையாகக் கிடந்தது. மூடி இறுக்கியபடியே இருந்தது.

ஸ்பெயார் சில்லைப் பூட்டிக்கொண்டு வத்தளைக்குப் போய்ச் சேர்ந்ததும், குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் புளோறன்ஸ் வாய் திறந்தாள். "றேணுகா ஆஸ்பத்திரியில சாகேல்ல, சாமினி. இஞ்ச என்ர வீட்டிலதான் அவவுக்கு முட்டு வந்தது. கொண்டு போகேக்க, அந்தக் காருக்குள்ளயே... பாலத்தில."

றேணுகா செத்த அந்தக் கிழமை முழுக்கக் கார்ச் சில்லுக்கு வால்வ் பிழை. அடிக்க அடிக்கக் காத்து போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் றேணுகா "காத்து இல்லை" என்றாள். ரொஷான் உடனே இறங்கினான். இறங்கி, டயரைப் பார்க்கப் போனான். நாலு சில்லையும் குனிந்து பார்த்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது முன்சீட்டில் அவள் தலை சாய்ந்திருந்தது.

"எல்லா டயரிலயும் காத்து இருந்ததாம்" என்றாள் புளோறன்ஸ்.

அதற்குப் பிறகு அந்தச் சில்லில் காத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஜவாத் கழற்றிப் பார்த்தார். ஓட்டை இல்லை, வால்விலும் பிழை இல்லை. இருந்த காத்து எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரொஷான் இப்போது சில நேரம் மறதியில் "றேணு" என்று கூப்பிடுகிறான். சாமினிக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆனால் அதற்கு முன்பே அவள் வாய் "ஓம், வாறன்" என்று சொல்லிவிடுகிறது.